மேல்வீட்டுக்காரர் கீழே இறங்கிய நாட்கள்

வாழைப்பழம் தின்னும்போது யாருக்காவது பல் உடையுமா? அவருக்கு உடைந்தது. அதுவும் நன்றாகக் கனிந்த பழம். கடைவாயில் ஏதோ கல் அகப்பட்டதுபோல் இருக்க, துப்பிப் பார்த்தால் பாதிப் பல்.

பல் மருத்துவருக்கு இளவயது. வாய்க்குள் விளக்கைக் காட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றினாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கிரேன் ஓட்டறேன். உயரமா கட்டடம் கட்டற இடத்துல நிக்குமே, அது."

"அப்ப நாள் முழுக்க உக்காந்தே வேலை."

"ஆமா."

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய்?"

"உக்காருவேன்."

"அப்புறம்?"

அவர் யோசித்தார். "படுப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "பல்லுக்கு உறை போட்டுடலாம். ஆனா தூக்கத்துல நீங்க பல்லைக் கடிக்கற கடிக்கு அதுவும் தாங்காது. எல்லாப் பல்லும் தேஞ்சு கிடக்கு. நறநறன்னு சத்தம் வருமே, வீட்ல யாரும் சொல்லலையா?"

"வீட்ல யாரும் இல்லம்மா."

அவள் கையுறையைக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு, "மனசுல எதையோ போட்டு மென்னுக்கிட்டே இருக்கீங்க. தினமும் வேர்வை வர்ற மாதிரி ஏதாவது செய்ங்க. நடங்க, ஓடுங்க, தரையைத் தேய்ங்க, எதுவா இருந்தாலும் சரி. தாடைக்குக் குடுக்கற வேலையைக் கை காலுக்குக் குடுங்க" என்றாள்.

அவள் சொன்ன அந்த 'எதையோ' என்னவென்று அவருக்குத் தெரியும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கூண்டு லிப்டில் ஏறி, கடைசியில் கொஞ்சம் ஏணியும் ஏறி, கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தால், மத்தியான இடைவேளை வரை அவர் தரையில் கால் வைப்பதில்லை. இரண்டு கைப்பக்கமும் இரண்டு பிடிகள். விரலால் லேசாகத் தள்ளினால் டன் கணக்கில் கம்பியும் காங்கிரீட்டும் வானத்தில் நகரும். அத்தனை பாரத்தையும் தூக்குகிற மனிதரின் உடம்பு, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிப் பல வருஷமாகியிருந்தது.

அந்த உயரத்தில் பேச்சுத்துணை ஒரே ஒருவன். கீழே நின்று, எங்கே இறக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று வாக்கிடாக்கியில் சொல்கிற சைகைக்காரன். அவர் மேல்வீடு என்பதால் அவன் கீழ்வீடு. "மேல்வீடு, மேல்வீடு, கொஞ்சம் இடது பக்கம் வாங்க… போதும் போதும், குழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி இறக்குங்க" என்பான். சாமான் வரத் தாமதமானால், "மேல்வீடு, மழை வருமா? நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க, கேட்டுச் சொல்லுங்க" என்பான். நாலைந்து வருஷமாக அந்தக் குரல் அவர் காதில்தான் குடியிருந்தது. முகத்தைப் பார்த்துப் பேசியதைவிடக் குரலைக் கேட்டுப் பழகியதுதான் அதிகம்.

ஒருநாள் கம்பிக்கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு காற்று. காற்று பலமானால் அடிக்கிற எச்சரிக்கை மணிகூட அடிக்கவில்லை. அதற்குள் வந்து போய்விட்டது. கம்பிக்கட்டு ஊஞ்சல்போல ஆடி, தளத்தின் விளிம்பில் நின்றிருந்த கீழ்வீட்டுக்காரன் பக்கம் வந்தது. மேலிருந்து பார்த்தவருக்கு அவனுடைய மஞ்சள் தலைக்கவசம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. கம்பிக்கட்டு திரும்பி வந்தபோது, அவன் தரையோடு தரையாகக் குப்புறக் கிடந்தான்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. சரியான நேரத்தில் விழுந்து படுத்திருக்கிறான், அவ்வளவுதான். விசாரித்தவர்கள், பாரம் அளவோடுதான் இருந்தது, காற்றுக்கு யார் என்ன செய்ய முடியும், உங்கள்மேல் தப்பே இல்லை என்றார்கள். ஆனால் அடுத்த வாரம் கீழ்வீட்டுக்காரன் வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிதாக வந்த சைகைக்காரன் 'இடது', 'வலது', 'நிறுத்து' என்ற மூன்று சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. மழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்துதான் பிடியில் வைத்த விரல்கள் விறைத்துக்கொள்ள ஆரம்பித்தன. கண்ணை மூடினால் அந்த மஞ்சள் தலைக்கவசம் கண்முன் வந்து மறையும். படுத்தாலும் மறையும், பல் தேய்க்கும்போதும் மறையும்.

இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் வேறு நாட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒப்பந்தம் முடியும், வந்துவிடுவாள் என்று சொல்லிச் சொல்லியே அது இரண்டு முறை நீண்டுவிட்டது. அவர் வேலை முடிந்து வரும் நேரம் அவள் இரவுப் பணிக்குக் கிளம்பும் நேரம். தினமும் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"போய்த்தான் சாப்பிடணும். வேலை எப்படி?"

"போகுது."

"சரி, பஸ் வந்துடுச்சு, வச்சிடறேன்."

இவ்வளவுதான். அதற்குள் எங்கே கொண்டுபோய் ஒரு கம்பிக்கட்டை இறக்குவது?

பல் மருத்துவர் சொன்னதற்காக முதலில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்குப் போனார். நாலு சுவரிலும் கண்ணாடி. வீட்டில் ஒரு ஆளாகத் தனியாக இருந்தவர், இங்கே பத்து ஆளாகத் தனியாக இருந்தார். பக்கத்தில் ஒரு பையன் கண்ணாடியில் தன் புஜத்தைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தான். இரும்பைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே வைக்கிற வேலை அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டார். பிறகு தெருவில் நடந்து பார்த்தார். நடக்க நடக்க நினைப்பும் செருப்புப் போட்டுக்கொண்டு கூடவே வந்தது.

அப்படியிருக்கையில்தான் ஒருநாள் காலையிலேயே காற்று பலமாகி, எச்சரிக்கை மணி அடித்தது. அந்த மாதிரி நேரத்தில் செய்வதுபோல், கிரேனின் நீண்ட கையைப் பூட்டாமல் காற்றின் போக்கில் திரும்ப விட்டுவிட்டு அவர் கீழே இறங்கினார். கட்டடத்தின் பின்பக்கம், கிரேன் எட்டாத மூலையில், ஒரு லாரி நிறைய சிமெண்ட் கல் வந்து நின்றிருந்தது. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம், லாரியிலிருந்து சுவர் எழுப்பும் இடம் வரை வரிசையாக நின்று, கல்லைக் கை மாற்றிக்கொண்டிருந்தது. அன்று யாரோ ஒருவர் வரவில்லைபோல. வரிசை நடுவே ஓர் ஆள் இடைவெளி. அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு பெண் கல்லோடு நாலு எட்டு நடந்து போய்க் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

அவர் யோசிக்கவில்லை. போய் அந்த இடத்தில் நின்றார்.

"என்னண்ணே, மேல்வீடு ஒழுகுதா? கீழ வந்துட்டீங்க?" என்றாள் அந்த வரிசைக்குத் தலைவியாக இருந்த பெண். சுருள்முடிக்காரி ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அதற்குள் கல் வந்துவிட்டது. வாங்கினார், திரும்பினார், கொடுத்தார். திரும்பினால் அடுத்த கல். முதல் சில கற்களில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. கையின் தோல் எரிந்தது. கல்லை இழுத்துப் பிடிக்கக் கூடாது, வருகிற வேகத்திலேயே வளைத்து அனுப்பிவிட வேண்டும் என்பது கொஞ்ச நேரத்தில் உடம்புக்குத் தானாகவே விளங்கிற்று. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க நேரமில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் யாருக்கும் மூச்சு இல்லை.

லாரி காலியானபோதுதான் அவருக்கு உறைத்தது: இவ்வளவு நேரமும் அந்த மஞ்சள் தலைக்கவசம் நினைவுக்கே வரவில்லை.

அன்று அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. வலித்தது, ஆனால் அந்த வலிக்கு ஒரு காரணம் இருந்தது. அதுவே பெரிய நிம்மதியாகத் தோன்றியது.

அதற்குப் பிறகு காற்றுக்காகக் காத்திருக்கவில்லை. மத்தியானம் கிரேன் ஓய்ந்திருக்கும் நேரத்தில், கல் கூட்டம் முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்திருக்கும். அவர் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்துவிடுவார். வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது. இடப்பக்கம் சுருள்முடிக்காரி, வலப்பக்கம் காது கொஞ்சம் மந்தமான ஒரு பெரியவர். அவளுடைய கையிலிருந்து வருவதைப் பெரியவர் கைக்குக் கொடுப்பது, அவ்வளவுதான் உறவு. ஆனால் நாள் முழுவதும் கண்ணாடி அறையில் இருந்தவருக்கு, இன்னொரு மனிதரின் கைச்சூடு ஒட்டியிருக்கும் கல்லை வாங்குவதே கூட்டத்தில் இருப்பதுபோல் இருந்தது. விரல்களின் விறைப்பு தளர்ந்தது. தாடை வலி குறைந்தது. போனில் மனைவி, "குரல் நல்லா இருக்கே இன்னிக்கு" என்றாள்.

ஒருநாள் மத்தியானம் அவர் வந்து நின்றபோது, இடப்பக்கம் சுருள்முடிக்காரி இல்லை.

"எங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

கற்கள் வந்தன, போயின. வேலை முடிந்ததும் தலைவி அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. இன்ஜினியர் சார் ரெண்டு மூணு நாளா உங்களைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. 'மேல்வீட்டுக்காரர்தான் நிக்கறாரே, ஒரு ஆளைக் குறைச்சுக்கோ'ன்னுட்டாரு. கடைசியா சேந்தவ அவதான். அவளைத்தான் நிறுத்தச் சொல்லிட்டாரு."

அவர் வரிசை நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க நல்ல மனுஷன். நானும் பாக்கறேன், இங்க வந்து நின்னா உங்க முகம் தெளியுது. ஆனா உங்களுக்கு இது உடம்புக்கு. எங்களுக்கு வயித்துக்கு. ரெண்டும் ஒரே வரிசையில நிக்க முடியாதுண்ணே."

அவர் நேராக இன்ஜினியரிடம் போனார். தகர அறைக்குள் மின்விசிறிக் காற்றில் படபடத்த வரைபடங்களைக் கையால் அமுக்கிக்கொண்டே இன்ஜினியர் கேட்டுக்கொண்டார்.

"நான் இனிமே அங்க போகமாட்டேன் சார். அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிடுங்க."

"நீங்க எதுக்குப் போனீங்க முதல்ல? கிரேன் ஓட்டறவரு கல்லு தூக்கறதா? முதுகு பிடிச்சுக்கிட்டா நாளைக்கு யார் மேல ஏறுவா?"

"மனசு சரியில்ல சார். அதான்."

இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொறுப்பிலுள்ள ஆட்களுக்கு வரும் பயம் அந்தப் பார்வையில் தெரிந்தது. "மனசு சரியில்லன்னா லீவு போடுங்க. அதோட மேல ஏறாதீங்க" என்றார்.

"இல்ல சார், இப்ப சரியாயிடுச்சு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சுருள்முடிக்காரி இரண்டு நாளில் திரும்பி வந்தாள். மேலிருந்து பார்த்தால் கட்டடத்தின் பின்பக்கம் வரிசை தெரியும். அவர் நின்ற இடம் எது என்றுகூட இப்போது சொல்ல முடியாது. ஆட்கள் ஒட்டி நின்று அதை மூடியிருந்தார்கள். வழியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாண்ணே" என்பார்கள். நின்று பேசமாட்டார்கள்.

அவருக்குப் பழையபடி தாடை வலிக்க ஆரம்பித்தது. ஒரு மாலை, இனிப் பொறுக்க முடியாது என்று, பழைய கீழ்வீட்டுக்காரன் வேலை பார்க்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு பஸ் ஏறினார். வேலை விடும் நேரம். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தான். அவரைப் பார்த்ததும் அவன் கால் ஒரு கணம் நின்று, பிறகு நடந்தது.

"வாங்கண்ணே."

இருவரும் தெருவோரக் கடையில் டீ வாங்கிக் குடித்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே" என்றார்.

"சொல்லணும்னுதான் நினைச்சேன்."

"எம்மேல கோவமா?"

"ஐயோ, கோவம் இல்லண்ணே. உங்க மேல என்ன தப்பு?" அவன் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தான். "உங்க குரல் கேட்டா எனக்கு அந்தக் கம்பிதான் கண்ணுல வருது. நான் என்ன செய்யட்டும்? உங்களைப் பிடிக்காம இல்ல. காதுல அந்தக் குரல் வந்தா, கீழ விழுந்து படுக்கணும்போல இருக்கு. அதான் மாத்திக்கிட்டேன்."

அவர் தலையாட்டினார். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "தூக்கம் வருதா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இங்க வந்தப்புறம் வருதுண்ணே."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, தன் குரலே ஒருவனுக்குக் கெட்ட கனவாகிவிட்டதே என்ற நினைப்பு விடவில்லை. நடத்துனர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டதற்குக்கூட வாயைத் திறக்காமல் கைகாட்டினார்.

மறுநாள் விடிகாலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. வேலைக்கு நேரம் கிடந்தது. படுத்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பரண்மேல் கிடந்த தடித்த கம்பளியை எடுத்தார். மனைவி ஊரைவிட்டுப் போகுமுன் மடித்து வைத்தது; தூசி படிந்திருந்தது. குளியலறையில் பெரிய தொட்டியில் ஊறப்போட்டு, கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கி மிதிக்க ஆரம்பித்தார். கம்பளி தண்ணீர் குடித்துக் குடித்து ஒரு மிருகம்போல் கனத்தது. மிதித்தார், புரட்டினார், பிழிந்தார். ஒரு முனையைக் குழாயில் கட்டி, மறுமுனையைப் பிடித்து முறுக்கினார். அழுக்குத் தண்ணீர் ஓடியது. மூச்சு வாங்கியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி. வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள். ஈரக் கையோடு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, சோப்புப் பெட்டிமேல் வைத்தார்.

"ஒண்ணுமில்ல, டூட்டி முடிஞ்சு வர்றேன். சும்மா கூப்பிடணும்னு தோணிச்சு. என்ன அது, தொப்புத் தொப்புன்னு? யாரை அடிக்கறீங்க?"

"கம்பளி துவைக்கறேன்."

"கையாலயா? மெஷினுக்கு என்ன ஆச்சு?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல."

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. மூச்சு வாங்கும்போது வாயைக் காவல் காக்க முடிவதில்லை, வந்துவிட்டது. வந்தபிறகு நிறுத்த முடியவில்லை. காற்று, கம்பி, பல், கல் வரிசை, டீக்கடை எல்லாவற்றையும் சொன்னார். தொட்டிக்குள் நின்றுகொண்டே, மிதித்துக்கொண்டே சொன்னார். மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று, "இருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கேன்." அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"நீ ஏன் இரைக்கறே?"

"நடந்துக்கிட்டிருக்கேன்."

"பஸ் வரலையா?"

"பஸ்ஸுலதான் வந்தேன். ரெண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கிடுவேன். தினமும்." கொஞ்சம் தயங்கினாள். "போன குளிர்காலத்துல வார்டுல ஒரு குழந்தை போயிடுச்சு. என் கையிலதான். அன்னிக்கு நேரா அறைக்குப் போக முடியல. நடந்தேன். அப்புறம் தினமும் நடக்கறேன். இந்த நடை இல்லன்னா அந்த அறைக்குள்ள நுழையவே முடியாதுங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க சொன்னீங்களா?"

அவளுடைய காலடியில் ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. பனியா, சருகா என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. இங்கே தண்ணீர் சொட்டியது. யாரும் போனை வைக்கவில்லை. அவர் கம்பளியை அலசினார். அவள் நடந்தாள்.

"சரி, வாசலுக்கு வந்துட்டேன்" என்றாள் கடைசியில். "நாளைக்கும் துவைப்பீங்களா?"

"துவைக்க என்ன இருக்குன்னு தேடணும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவர் நினைத்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. அவர் திரைச்சீலை துவைத்தார், தலையணை உறை துவைத்தார். நாலைந்து நாளில் வீட்டில் அழுக்குத்துணி தீர்ந்துபோய், வெளுத்த துணியையே மறுபடி வெளுக்க வேண்டியதாயிற்று. பிறகு மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தார். அதுவும் கண்ணாடியானதும், மாடிப்படிகளுக்கு இறங்கினார். பால் வாங்கப் போகும் எதிர்வீட்டு அம்மாள் ஈரப்படியைத் தாண்டிப் போகும்போது, "உங்க பொண்டாட்டி குடுத்து வச்சவங்க" என்றாள். போனில் அது அவளுக்கும் கேட்டது.

பேச்சு அதிகமில்லை. சில நாள் ஒரு வார்த்தைகூட இருக்காது. பிரஷ் சத்தம் அங்கே போகும், காலடிச் சத்தம் இங்கே வரும். சில நாள் அவள் நடந்துகொண்டே அழுவாள். அவர் ஒன்றும் கேட்காமல் தேய்த்துக்கொண்டிருப்பார். சில நாள் இணைப்பே கிடைக்காது. அன்றைக்குத் தனியாகத் தேய்ப்பார். தனியாகத் தேய்ப்பது தனியாகத் தேய்ப்பதுதான். அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆனாலும் தேய்த்து முடித்தபிறகு, மேலே ஏறுவதற்கு உடம்பு சம்மதித்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. காற்று கொஞ்சம் எழும்பினால் இப்போதும் விரல்கள் விறைக்கின்றன. அப்போது பாரத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்திவைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கி, புதுச் சைகைக்காரனிடம், "ஒரு நிமிஷம்" என்கிறார். அவன் ஏன் என்று கேட்பதில்லை. மனைவியின் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் கிடக்கிறது.

இன்று காலை அவர் கடைசிப் படிக்கு வந்தபோது, போனின் மறுமுனையில் அவளும் தன் வாசலுக்கு வந்திருந்தாள்.

"ரொம்பக் குளிர் இன்னிக்கு" என்றாள்.

"இங்க வேர்க்குது."

"வச்சிடட்டுமா?"

"கதவைத் திறந்து உள்ள போ. அப்புறம் வையி."

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. விளக்கைப் போட்டிருப்பாள். அவர் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தெருவோரம் ஊற்றிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பப் படியேறினார்.